சுருங்காத தண்ணீர்

ஒரு ரயில் எஞ்சினைச் சுருக்கிவிடலாம். சக்கரத்தைச் சுருக்கலாம், பிஸ்டனைச் சுருக்கலாம், ஓட்டுநர் கைவைக்கும் நெம்புகோலையும், தகட்டில் வரிசையாக நிற்கும் ஆணித் தலைகளையும்கூட அளவு பிசகாமல் சுருக்கலாம். ஒரு லேத்தும் சில ஆண்டுப் பொறுமையும் இருந்தால் மனிதக் கையால் ஆகிற வேலைதான் அது. ஆனால் அந்த எஞ்சினின் வயிற்றில் ஊற்றுகிற தண்ணீரைச் சுருக்க யாராலும் முடியாது. மலையளவு எஞ்சினில் கொதிக்கிற அதே தண்ணீர்தான் உள்ளங்கை அளவு எஞ்சினிலும் கொதிக்கிறது. படைத்தவன் இரும்பின் வடிவத்தை நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறான். நீரின் குணத்தையும் நெருப்பின் குணத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். மாதிரி நீராவி எஞ்சின்களின் மேல் சிலருக்கு வாழ்நாள் முழுதும் தீராத காதல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் மல்லார்ட் என்ற நீல நிற எஞ்சின் நிற்கிறது. நிலக்கரி வண்டியையும் சேர்த்தால் 160 டன்னுக்கு மேல் எடை. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது ஏறக்குறைய 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களின் உலக சாதனையாக அது இன்றும் நிற்கிறது. 2003-இல் ஹார்ன்பி நிறுவனம் இதே மல்லார்ட்டை 76-இல் ஒரு பங்காகச் செய்து, மேசைமேல் விரிக்கும் தண்டவாளத்தில் உண்மையான நீராவியால் ஓடவிட்டது. தண்டவாளம் வழியே வரும் மின்சாரம் தண்ணீரைச் சூடாக்கும். அதற்கப்பால் நடப்பதெல்லாம் நீராவியின் வேலை. இரண்டிலும் தண்ணீர் கொதிக்கும் விதி ஒன்று. இரண்டிலும் பிஸ்டனைத் தள்ளும் ஆற்றலுக்கு ஊற்றுக்கண் ஒன்று.

மின்மோட்டாரில் ஓடும் பொம்மை ரயில் பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும் அது ஒரு சித்திரம். அதன் புகைபோக்கி வெறும் குழாய். பாய்லர் வெறும் கூடு. லைவ் ஸ்டீம் என்று அன்பர்கள் அழைக்கும் எஞ்சினோ, எவ்வளவு சிறியதானாலும், முழு எஞ்சின்.

இந்த ஆர்வம் பிரிட்டனில் வேர்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே பித்தளையில் செய்த குட்டி எஞ்சின்கள் வீட்டுக் கூடங்களில் ஓடின. ஓடும் வழியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டே போனதால் ‘டிரிப்ளர்’ என்று செல்லப் பெயர் பெற்றன. 1898-இல் பெர்சிவல் மார்ஷல் ‘மாடல் எஞ்சினியர்’ என்ற இதழைத் தொடங்கினார். அதே காலத்தில் நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் என்ற இளைஞர் மாதிரி எஞ்சின் வணிகத்தில் இறங்கினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானியப் பொம்மைத் தொழிலாளர்களின் கைத்திறனைக் கண்டு வியந்த அவர், பிரிட்டிஷ் எஞ்சின்களின் வடிவில் அவர்களிடமே செய்து வாங்கி விற்றார். பிறகு இந்த ஆர்வம் கடல்களைத் தாண்டியது. ஜப்பானின் ஆஸ்டர் நிறுவனம் 1975 முதல் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கென்று செய்த எஞ்சின்களைச் சேகரிப்பாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

வரலாறு இவ்வளவு போதும். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவோம்.

எந்தத் தண்ணீர் என்பதிலிருந்தே அதிசயம் தொடங்கிவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் அது பாய்லரின் உள்சுவரில் படிந்து இறுகிவிடும். அதனால் பிரிட்டனில் பலர் கூரையில் விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வடிகட்டி வைத்துக்கொள்கிறார்கள். கடலின் உப்பையும் மண்ணின் சுண்ணாம்பையும் கீழேயே விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் சூரியன் மேலே தூக்கிப் போய், குளிரவைத்து, இறக்கித் தருகிறது. வாலை வடித்தலுக்கு இதைவிடப் பெரிய ஆலை எங்கும் கட்டப்பட்டதில்லை. அதற்குக் கூலி கேட்பாரும் இல்லை.

இனி நெருப்பு. சின்னஞ்சிறு எஞ்சின்களில் ஸ்பிரிட் விளக்கோ பியூட்டேன் வாயுவோ எரியும். சற்றுப் பெரியவற்றில் நிலக்கரி. தண்ணீர் சூடாகத் தொடங்கும். 100 டிகிரியைத் தொடும். அங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சூடு ஏறாது. கொடுக்கிற வெப்பம் முழுதும் எங்கோ மறைகிறது. 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இந்த மறைவை அளந்தார். உறைநிலையில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 419 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீர் ஆவியாக மாறுவதற்கு மட்டும் மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கும் அதிகம்! தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறும் தன் அண்டை மூலக்கூறுகளின் கையை இறுகப் பற்றியிருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கத்தான் இத்தனை வெப்பமும் செலவாகிறது. கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட கை ஏன் அதிகம் பொசுங்குகிறது என்பது அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரியும். மறைந்த வெப்பம் முழுவதையும் ஆவி தோலின்மேல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பிடி மட்டும் தளர்ந்திருந்தால் நம் குளங்களும் ஏரிகளும் ஒரு கோடையைக்கூடத் தாங்கியிருக்காது. நம் உடம்பின் வியர்வைக்கும் இந்த அளவு குளிர்விக்கும் வல்லமை இருந்திருக்காது.

அப்படி விடுபட்ட தண்ணீர் என்ன செய்கிறது? ஒரு லிட்டர் தண்ணீர், திறந்த வெளியில், சுமார் 1,670 லிட்டர் ஆவியாகப் பரவ விரும்புகிறது. செம்புப் பாய்லருக்குள் அதற்கு இடமில்லை. அழுத்தமானியின் முள் மெல்ல எழுகிறது. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு காட்டும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு 160 டிகிரியைத் தாண்டியிருக்கும். இதில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. எஞ்சின் மேடேறும்போது அதிக ஆவி கேட்கிறது. அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. இறங்கிய அந்தக் கணமே, புதிதாக ஒரு துண்டு கரி போடாமலே, தண்ணீர் தன்னில் சேர்த்து வைத்திருக்கும் வெப்பத்தைக் கொண்டு தானே கொதித்து ஆவியைக் கொடுக்கிறது. கேட்பதற்கு முன்பே கொடுப்பதற்கு ஆயத்தமாக இருக்கும் இந்தக் குணத்தை எந்தப் பொறியாளரும் தண்ணீருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆவியைச் சிலிண்டருக்குள் விடும் ரெகுலேட்டரை மெல்லத் திறக்க வேண்டும். சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருக்கும்; உள்ளே போன முதல் ஆவி தண்ணீராகிவிடும். தண்ணீரோ அமுக்கினால் அமுங்காதது. அவசரப்பட்டால் பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே அது கல்லாக நின்றுகொள்ளும். ஆகவே வடிகுழாயைத் திறந்துவிட்டு, நீரும் ஆவியுமாகத் துப்பித் தீரும்வரை பொறுத்திருந்து, பிறகு நகர்த்துவார்கள். அதன் பின் மூச்சு வருகிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு மூச்சு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலின் மூச்சைக் கேட்டவர்கள், அதே மூச்சை முழங்கால் உயரம்கூட இல்லாத எஞ்சின் விடுவதைக் கேட்டால் நின்றுவிடுவார்கள்.

அந்த மூச்சுக்கு ஒரு வேலை இருக்கிறது. சிலிண்டரில் உழைத்து முடித்த ஆவி புகைபோக்கி வழியே மேலே பாய்கிறது. பாயும்போது அடுப்பிலிருந்து புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடுப்புக்குப் புதுக்காற்று வருகிறது. எஞ்சின் கடினமாக உழைத்தால் மூச்சு பலமாகும். மூச்சு பலமானால் நெருப்பு பலமாகும். நெருப்பு பலமானால் ஆவி கூடும். ஓய்ந்தால் எல்லாமே ஓயும். ஓடும்போது நமக்கு மூச்சு வாங்குவதும் நெஞ்சு விரைந்து துடிப்பதும் இதே ஏற்பாடுதான். ரிச்சர்ட் டிரெவிதிக் 1804-லேயே கழிவு ஆவியைப் புகைபோக்கிக்குள் விட்டு, நெருப்பு தூண்டப்படுவதைக் கவனித்தார். அடுப்பின் சூட்டை 25 செம்புக் குழாய்கள் வழியே தண்ணீருக்குள் செலுத்திய ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ என்ற எஞ்சின் 1829-இல் ரெயின்ஹில் போட்டியை வென்றது. மனிதர்கள் கண்டெடுத்தார்கள், பொருத்தினார்கள். பொருந்தும்படி உலகம் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது.

புகைபோக்கியின் விளிம்பை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வெண்மேகம் விளிம்பிலிருந்தே தொடங்காது. கொஞ்சம் மேலே தள்ளித்தான் தொடங்கும். நடுவில் ஒன்றுமே இல்லாதது போல ஓர் இடைவெளி. ஆவி இருப்பது அங்கேதான். நாம் ஆவி என்று நினைக்கும் வெண்மை, குளிர்ந்து மீண்டும் துளியாகிவிட்ட தண்ணீர். டன் கணக்கில் இழுத்த ஆற்றலைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை. அது வேலை முடித்து ஓய்ந்தபின் விட்டுச்செல்லும் சுவடே நமக்குத் தெரிகிறது.

எஞ்சினின் ஓரத்தில் விரல்கணு அளவு பித்தளைக் குப்பி ஒன்று இருக்கும். சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் லூப்ரிகேட்டர். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் இதற்குப் பம்பு கிடையாது, அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. ஆவிக்குழாயில் உள்ள ஒரு சிறு துளை வழியே ஆவி குப்பிக்குள் நுழைகிறது. குளிர்ந்து தண்ணீராகிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடிக்குப் போகிறது. போன அளவுக்கு எண்ணெய் மேலெழுந்து, அதே துளை வழியே ஆவியில் கலந்து சிலிண்டரை அடைகிறது. ஓட்டம் முடிந்து திறந்து பார்த்தால் எண்ணெய் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள கன வேறுபாடு என்ற ஒரே விதியை நம்பி ஒரு கருவி நூற்றாண்டுக்கும் மேலாக வேலை செய்துவருகிறது.

இனி, சுருங்காமைக்கு வருகிறேன். 7¼ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் மாதிரிகள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அளவுள்ளவை. நீளம் எட்டில் ஒன்றானால் பரப்பு 64-இல் ஒன்றாகும். கன அளவும் எடையும் 512-இல் ஒன்றாகும். பரப்பைவிட எடை வேகமாகக் குறைகிறது. இந்தக் கணக்கைக் கலிலியோ 1638-இல் எழுதிவைத்தார். பிஸ்டனின் பலம் அதன் பரப்பைப் பொறுத்தது என்பதால், குட்டி எஞ்சின் தன் எடைக்குப் பெரிய எஞ்சினைவிட வலிமையானது. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு பாரத்தைத் தூக்குவதும் யானையால் அது முடியாததும் இதே கணக்கினால். பார்க்கப் பொம்மை போலிருக்கும் எஞ்சின் வளர்ந்த ஆட்களை வரிசையாக உட்காரவைத்து இழுத்துச் செல்லும் புதிருக்கு விடை இங்கே இருக்கிறது.

கொடுத்த கை இன்னொரு பக்கம் வாங்கவும் செய்கிறது. எடையோடு ஒப்பிட்டால் குட்டி எஞ்சினின் உடல்பரப்பு மிக அதிகம். அந்தப் பரப்பு வழியே வெப்பம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உலகிலேயே எடை குறைந்த பாலூட்டிகளில் ஒன்றான எட்ரஸ்கன் மூஞ்சூறு ஏறக்குறைய 2 கிராம்தான். உடல் குளிர்ந்துவிடாமல் இருக்க அது நாளொன்றுக்குத் தன் எடையையும் மிஞ்சிய உணவைத் தின்றாக வேண்டும். அதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கக்கூடியது. சின்ன எஞ்சினை ஓட்டுபவரின் நிலையும் இதுதான். கடலைப் பருப்பு அளவுள்ள கரித்துண்டுகளைச் சின்னக் கரண்டியால் இடைவிடாமல் ஊட்ட வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் நெருப்பு அணைந்துவிடும். கொஞ்சம் அதிகம் போட்டாலும் மூச்சுத் திணறி அணைந்துவிடும். மூஞ்சூறுக்கு விதித்த அதே சட்டத்தை மனிதன் செய்த எஞ்சினுக்கும் இறைவன் விதித்திருக்கிறான் என்பதை எண்ணும்போது மனம் பணிகிறது.

இவ்வளவு சிறிய அடுப்பில் நிலக்கரி எரியுமா என்பதே 1920-களில் பெரிய வழக்காக இருந்தது. கர்லி லாரன்ஸ் என்று அழைக்கப்பட்டவர், தான் வேலைபார்த்த ரயில்வேயின் பெயரெழுத்துகளையே புனைபெயராக்கி எல்.பி.எஸ்.சி. என்று எழுதினார். 2½ அங்குலத் தண்டவாளத்தில் கரி எரித்து ஓடும் ‘ஆயிஷா’ என்ற எஞ்சினைத் தானே செய்து, அதன் பின்னால் ஆட்களை உட்காரவைத்து இழுத்துக் காட்டினார். அந்த அளவுக்கு ஸ்பிரிட் அடுப்பே பொருத்தம் என்று வாதிட்டோர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ‘பாய்லர்களின் போர்’ என்று அதற்குப் பெயரே வந்தது. தன் வாழ்வின் இறுதிவரை, 1967 வரை, சாதாரணத் தொழிலாளியும் தன் கொட்டகையில் எஞ்சின் செய்துகொள்ளும்படி எளிய நடையில் படிப்படியாக எழுதிக்கொண்டே இருந்தார். எஞ்சினை அளவில் சுருக்குவதோடு நில்லாமல், நெருப்பும் நீரும் ஏற்கும் விதத்தில் குழாயையும் அடுப்பையும் மாற்றி அமைக்க வேண்டும் என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன. இயற்கையோடு அவர் வாதாடவில்லை. அதன் விருப்பத்தைக் கேட்டு அதற்கேற்ப அடுப்புக் கட்டினார். இந்தத் துறையில் நான் யாரையேனும் குரு என்று சொல்வதானால் அவரைத்தான் சொல்வேன்.

நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலும் இதே பாடம். பெரிய எஞ்சினில் அது நேர்மையாகப் பேசும். குட்டி எஞ்சினுக்கென்று துளையை மிகவும் குறுக்கினால், தண்ணீர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. நடுவே குமிழி சிக்கி, பாய்லர் காலியாகும்போதும் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது. மழைத்துளியை உருண்டையாக்குகிற, நீர்ப்பூச்சியைக் குளத்தின்மேல் நடக்கவைக்கிற அந்தப் பரப்பு இழுவிசை இங்கேயும் தன் அளவை விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே அனுபவசாலிகள் அளவு நேர்த்தியைக் கொஞ்சம் தியாகம் செய்து, அகலமான குழாயே வைப்பார்கள்.

பாய்லர் சோதனையைச் சொல்லாமல் விடக்கூடாது. புதிய பாய்லரை அது வேலை செய்யப்போகும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றிப் பார்ப்பது பிரிட்டனில் வழக்கம். அதை ஆவியால் செய்வதில்லை; குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பிப் பம்பால் அழுத்துகிறார்கள். தண்ணீர் அநேகமாக அமுங்காதது என்பதால் அதனுள் ஆற்றல் அதிகம் சேர்வதில்லை. பற்றவைப்பு எங்கேனும் பிளந்தால் ஒரு சொட்டு கசியும், முள் கீழே விழும், அவ்வளவுதான். ஆவியாக இருந்தால் ஆளையே கொல்லக்கூடிய அதே பொருள், குளிர்ந்த நிலையில் ஆபத்தில்லாத சோதனையாளனாக நிற்கிறது.

எரியும் கரியின் கதை இன்னும் பழையது. இவ்வகை எஞ்சின்களுக்குத் தெற்கு வேல்ஸ் நிலக்கரி பேர்பெற்றது. புகை குறைவு, சூடு அதிகம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் லெபிடோடெண்ட்ரான் போன்ற மரங்கள் 30 மீட்டர் உயரம் வளர்ந்து நின்றன. அவை குடித்த வெயில்தான் கரியாக மண்ணுக்குள் இறங்கியது. சில நாட்களுக்கு முன் அடித்த வெயில் கடலிலிருந்து தூக்கிய தண்ணீர் பாய்லரில் இருக்கிறது. 30 கோடி ஆண்டுக்கு முன் அடித்த வெயில் அடுப்பில் இருக்கிறது. நடுவே ஒரு மெல்லிய செம்புத் தகடு. ஒரே சூரியனின் இரண்டு நாட்கள் அந்தத் தகட்டில் சந்தித்துக்கொள்கின்றன. இப்படி ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்தவனை நினைக்காமல் என்னால் அந்தக் கரண்டியைப் பார்க்க முடியவில்லை.

தண்டவாளத்தில் முதன்முதலாக ஓர் எஞ்சின் பாரம் இழுத்தது 1804 பிப்ரவரி 21 அன்று, அந்தத் தெற்கு வேல்ஸில்தான். டிரெவிதிக்கின் எஞ்சின் மெர்தர் டிட்ஃபில்லின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து 10 டன் இரும்போடு புறப்பட்டது. அதே மெர்தர் டிட்ஃபில்லில் இருந்த ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. காற்றின் நலன் கருதி உலகம் நிலக்கரியிலிருந்து விலகுகிறது; அது சரியே. மாதிரி எஞ்சின் அன்பர்கள் கரித்தூளையும் பிற பொருட்களையும் உருண்டையாக்கிச் செய்த எரிபொருளுக்கும், வேறு நாட்டுக் கரிக்கும், வாயுவுக்கும் மாறிவருகிறார்கள். வெல்ஷ் கரியில் மிஞ்சியிருப்பதை அவர்கள் சிக்கனமாக எரிக்கும் விதத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

சேகரிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிங், மார்க்லின், பாசெட்-லோக், ஆஸ்டர் நிறுவனங்களின் எஞ்சின்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைப்பதில் தவறில்லை. நூறாண்டுக்கு முந்தைய கைவேலையைக் காப்பதும் தொண்டுதான். தகரமும் பழைய வண்ணமும் நெருப்பைத் தாங்காது என்ற நிலையில் இருப்பவற்றை அப்படியே விடுவதே நல்லது. ஆனால் ஓடத் தகுதியுள்ள எஞ்சினை ஒருநாளும் ஓட்டாமல் வைத்திருப்பது சரியென்று எனக்குப் படவில்லை. அதைச் செய்தவர் வால்வைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் திருத்தித் திருத்திப் பொருத்தியது அலமாரிக்காக அல்ல. தண்ணீரும் நெருப்பும் உள்ளே வரும்போதுதான் அந்த வேலை முழுமை பெறுகிறது. அந்த இரண்டையும் கடையில் எந்த விலைக்கும் வாங்கிச் சேகரித்து வைக்க முடியாது.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அப்படி ஓர் எஞ்சின் இருந்தால், முதலில் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாய்லரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வால்வு சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு மழைநீரைப் பிடித்து வடிகட்டி ஊற்றி, பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்து, நெருப்பு வையுங்கள். முள் எழும்வரை அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.